46-ஆம் நாளில் யார் துணை?

கோவை கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ இரண்டு லேத் போட்டுப் பட்டறை நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பம்ப் கம்பெனி ஒன்றுக்கு ஷாஃப்ட் கடைந்து அனுப்புகிறார். சரக்கு இறங்கியதற்குச் சலானில் கையெழுத்து வாங்கியாயிற்று. பில்லும் போய்ச் சேர்ந்துவிட்டது. 45 நாள் ஆகிறது, 60 ஆகிறது, 90 ஆகிறது. போன் செய்தால், கணக்குப் பார்ப்பவர் லீவு, அடுத்த வாரம் பாருங்கள் என்று பதில் வருகிறது. இதற்கிடையே இரும்புக் கடைக்குக் கொடுக்க வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும், சனிக்கிழமை ஆனால் ஆட்களுக்குக் கூலி எண்ணி வைக்க வேண்டும். வீட்டு நகை அடகுக்குப் போகிறது. அந்த நகையின் மேல் மாதாமாதம் ஏறும் வட்டி, நியாயப்படி பம்ப் கம்பெனி கட்ட வேண்டிய வட்டி.

நியாயப்படி மட்டுமல்ல, சட்டப்படியும்தான். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-இல் வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் சரக்கை ஏற்ற 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும், அதில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு வட்டி. அதுவும் மாதந்தோறும் அசலில் சேரும் கூட்டு வட்டி. சரக்கில் குறை என்றால் வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பணம் கேட்கப் போனவரிடம், உங்கள் மால் ரிஜெக்ட் ஆகிவிட்டது என்று வாயால் சொல்வதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. மாநில அரசின் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நான்கு இடங்களில் அது இயங்குகிறது. மனு வந்த 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போக நினைத்தால், தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

சிறிய மனிதனின் பக்கம் இவ்வளவு அழுத்தமாக நிற்கும் சட்டங்கள் இந்த நாட்டில் அதிகமில்லை. ஆனாலும் அந்தப் பட்டறைக்காரர் அடகுக் கடைப் படியேறுகிறார். சட்டம் எழுதிய நாடு, அதை அவர் கையில் எடுத்துக் கொடுக்க ஓர் ஆளை அனுப்பவில்லை. எழுதிய சட்டத்தைவிட அனுப்பாத ஆளைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் வாங்குவோரைப் பற்றி ஒரு சொல். பணம் கையிலிருந்தும் சிறு சப்ளையரின் பில்லை வேண்டுமென்றே தள்ளிப்போடும் நிறுவனம் செய்வது திருட்டு. வங்கியில் வட்டிக்கு வாங்கினால் செலவு என்பதால், கேட்கத் திராணியில்லாதவனின் உழைப்பை வட்டியில்லாக் கடனாக எடுத்துக்கொள்கிறது. தொழிலில் இதெல்லாம் சகஜம் என்கிறார்கள். பலர் செய்வதால் ஒரு தவறு வழக்கமாகலாம், நியாயமாகாது. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற அச்சமே அந்தக் கம்பெனிக்கு ஈடாக அமைந்துவிடுகிறது. நாலு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு ஒரே ஒரு பெரிய பார்ட்டிதான் படியளக்கும் என்றால், அந்தப் பார்ட்டியின் மேல் அவர் எப்படி மனுப் போடுவார்?

இந்த இடத்தில்தான் துணை வேண்டியிருக்கிறது. தனியாளாக மனுப் போட அஞ்சுபவர், அவருக்காக எழுதும் ஒரு வக்கீல் இருந்தால், அல்லது தொழில் சங்கமோ அரசு அலுவலகமோ பத்துப் பேரின் பாக்கியைச் சேர்த்து ஒரு கடிதமாக அனுப்பினால், தைரியம் கொள்வார். வட்டிக் கணக்கும் சட்டப் பிரிவும் எழுதிய ஒரு கடிதம் மட்டுமே பல கம்பெனிகளில் செக் புத்தகத்தைத் திறக்க வைத்துவிடும் என்பது தொழில் சங்கங்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

மத்திய அரசு வேறு வழியையும் பார்த்தது. 2023 நிதிச் சட்டத்தின் மூலம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் தராதவர், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வரிச் சலுகை பெற முடியாது. நோக்கம் நல்லது. நடந்தது என்ன? குறு, சிறு நிறுவனம் என்பதற்கான உத்யம் பதிவை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை என்று சிறு சப்ளையர்களிடம் சில வாங்குவோர் கேட்பதாக 2024 தொடக்கத்தில் தொழில் வட்டாரங்களில் குமுறல் எழுந்தது. தன்னைக் காக்க வந்த கேடயத்தைத் தானே கீழே வைக்கும்படி ஒருவனை நெருக்குவது எவ்வளவு கீழ்மையானது! அப்படி நெருக்கப்படுகிறவருக்கு, பதிவை விடாதே என்று சொல்ல அருகில் ஒருவர் இருந்தாரா? அவருடைய ஆடிட்டரேகூட பெரிய கம்பெனிக்கும் கணக்குப் பார்ப்பவராக இருக்கக் கூடும்.

உத்யம் பதிவு என்றதும் இன்னொன்று. 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் இந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் போதும். ஒரு காகிதமும் ஏற்ற வேண்டியதில்லை. அப்படியிருந்தும் அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் ஆயிரமும் இரண்டாயிரமும் கறக்கின்றன. அறியாமைக்கு விலைச்சீட்டு ஒட்டி விற்கும் இந்தத் தொழிலை அரசு பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எச்சரிக்கை அறிவிப்பு வெளியிட்டதோடு கடமை முடிந்ததென்று அது கருதுவதை ஏற்க முடியாது. மளிகைக் கடைக்காரருக்கு இன்னொரு ஏமாற்றமும் உண்டு. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளுக்கும் உத்யம் பதிவு திறந்துவிடப்பட்டது. ஆனால் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் எத்தனை கடைக்காரர்களுக்கு இது சொல்லப்பட்டிருக்கிறது?

பணம் வராதது நடுவழிச் சங்கடம். தொழில் தொடங்கும் நாளிலேயே கழுத்தில் விழும் சுருக்குகளைப் பார்ப்போம்.

நண்பர்கள் இருவர் கூட்டு சேர்கிறார்கள். முத்திரைத்தாள் வாங்கி, பழைய பத்திரத்தைப் பார்த்து ஒரு கூட்டுவணிகப் பத்திரம் அடித்துக் கையெழுத்திடுகிறார்கள். வங்கிக் கணக்கும் அதைக் காட்டித் திறந்தாகிவிடுகிறது. பதிவாளரிடம் நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. 1932-ஆம் ஆண்டுக் கூட்டுவணிகச் சட்டமும் அதைக் கட்டாயமாக்கவில்லை. கட்டாயமில்லாத ஒன்றை யார் செய்வார்? நாலு வருடம் கழித்து ஒரு பார்ட்டி எட்டு லட்சம் பாக்கி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பும்போதுதான் அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு கண்ணில் படுகிறது. பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், ஒப்பந்தத்தால் வந்த உரிமைக்காக வெளியார்மேல் வழக்குப் போட முடியாது. பத்திரம் உண்மை, சரக்குப் போனது உண்மை, பாக்கி உண்மை. வாசற்படி மட்டும் இல்லை. எதிர்த்திசையில் கதவு விரியத் திறந்திருக்கிறது. அந்த நிறுவனத்தின்மேல் மற்றவர் வழக்குப் போடலாம். கூட்டாளி வாங்கிய கடனுக்கு இவருடைய வீடும் பொறுப்பு. தொடக்கத்தில் அரை மணி நேரம் ஒரு வக்கீல் பேசியிருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய அழிவு இது. இப்படிப் பிரிந்த நட்புகளும் உறவுகளும் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. மச்சானும் மாப்பிள்ளையுமாகக் கடை திறந்து, கல்யாண வீட்டில் முகம் பார்க்காதவர்களாக முடிகிறார்கள்.

வாடகைக் கடை இன்னொரு சுருக்கு. 11 மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதினால் பதிவு வேண்டாம் என்பது நம் ஊர்களில் தலைமுறையாக வரும் ஞானம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் அந்த ஞானத்தைச் செல்லாததாக்கிவிட்டது. எத்தனை மாத வாடகையானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணமாகக் காட்டி உரிமையாளர் கடையைக் காலி செய்யச் சொல்லலாம். பதிவு செய்யலாம் என்று கேட்டபோதெல்லாம் தட்டிக்கழித்தவரே உரிமையாளர்தான் என்றாலும், அதை நிரூபிக்க வேண்டிய பாரம் கடைக்காரர் தலையில். பத்து வருடம் ஒரே இடத்தில் டீ ஆற்றி, அந்த முக்கையே தன் பெயரால் அழைக்க வைத்தவர், ஒரு காகிதம் இல்லாததால் தெருவுக்கு வருகிறார். வாடகைக்கு இருப்பவரைக் காக்கவும் எழுதப்பட்ட சட்டத்தை ஊருக்குச் சொல்லாமல் விட்டதால், விவரம் தெரிந்தவரின் கையில் அது அரிவாளாகிவிட்டது. இந்தப் பழி அரசையே சேரும்.

கையெழுத்திட்ட வெறும் செக்கைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. ஃபைனான்ஸ்காரர் கேட்கிறார், சரக்குக் கொடுப்பவர் கேட்கிறார், சீட்டுப் பிடிப்பவர் கேட்கிறார். கொடுப்பவர் அதை வெறும் நம்பிக்கைக்கான அடையாளமென்று நினைக்கிறார். அப்படி மனமுவந்து கொடுத்த செக்கில் மற்றவர் தொகையை எழுதிக்கொண்டாலும், கடனுக்காகத் தந்ததாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று உச்சநீதிமன்றம் 2019-இல் கூறிவிட்டது. இல்லை என்று காட்ட வேண்டியது கையெழுத்திட்டவர் பொறுப்பு. குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறை, தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாடு தனிச்சட்டமே இயற்றியிருக்கிறது. ஆனால் கடன் வாங்கியவர் அந்தச் சட்டத்தைத் தேடிப் போகுமுன், கொடுத்தவர் செக்கோடு நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறார். முந்திக்கொள்பவருக்கு வக்கீல் இருக்கிறார். சம்மன் வாங்குபவருக்கு, அது வந்த பிறகுதான் வக்கீலின் நினைவு வருகிறது.

அடுத்து, அரசே நேரடியாகச் செய்த அநீதி. ஜிஎஸ்டி வந்தபோது சிறு வியாபாரிகளில் பெரும்பாலோர் பதிவையே ஒரு கணக்கரிடமோ வரி ஆலோசகரிடமோ ஒப்படைத்தார்கள். செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் பல இடங்களில் அவர்களுடையவை. வரித்துறை நோட்டீஸை இணையதளத்தில் ஏற்றுகிறது. அதோடு சட்டப்படி அது சேர்ப்பிக்கப்பட்டதாக ஆகிறது. தளத்தில் எந்தத் தலைப்பின் கீழ் அது கிடக்கிறது என்பது பழகியவர்களுக்கே குழப்பம். நோட்டீஸ் ஆங்கிலத்தில். பதில் இல்லை என்று உத்தரவு போடப்படுகிறது. வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகுதான் வியாபாரிக்கு விஷயம் தெரிகிறது. அதற்குள் மேல்முறையீட்டுக்கான மூன்று மாதமும், தாமதத்தைப் பொறுக்கும் ஒரு மாதமும் போயிருக்கும். இப்படி நோட்டீஸையே காணாதவர்களின் ரிட் மனுக்கள் 2023, 2024 ஆண்டுகளில் சென்னை உயர்நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் குவிந்தன. தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் போன்ற ஒரு பங்கைக் கட்டச் சொல்லி, உத்தரவை ரத்து செய்து, மீண்டும் விசாரிக்க நீதிபதிகள் திருப்பி அனுப்பிய வழக்குகள் ஏராளம். அதற்கு முன் 2022 ஜனவரியில், கணக்குத் தாக்கல் செய்யாததால் பதிவு ரத்தான சிறு வியாபாரிகளின் மனுக்களைச் சேர்த்து விசாரித்த அதே நீதிமன்றம், வரியும் அபராதமும் கட்டியதும் அவர்களை மறுபடி உள்ளே சேர்க்க வழி செய்தது.

நீதிமன்றம் கைகொடுத்தது, வாழ்த்துவோம். ஆனால் ஒரு நோட்டீஸைப் படிக்க வாய்ப்புத் தாருங்கள் என்று கேட்பதற்கு ஒரு பாத்திரக் கடைக்காரர் உயர்நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. போக முடிந்தவர்கள் மீண்டார்கள். போக முடியாதவர்கள் ஷட்டரை இறக்கினார்கள். அவர்களுக்கு வழக்கு எண் கிடையாது, எனவே எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். தன் குடிமகனுக்குப் புரியாத மொழியில், அவன் பார்க்காத இடத்தில் அறிவிப்பை வைத்துவிட்டு, நீ பதில் சொல்லவில்லை என்று தண்டிக்கும் அரசு அறம் தவறியது. சட்டம் அதற்கு அனுமதி தந்திருக்கலாம். அந்த அனுமதி அதைச் சரியாக்கிவிடாது.

ஏழைக்கு இலவச சட்ட உதவிதான் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, அதைக் குறைத்துப் பேச மாட்டோம். 1976-இல் அரசியலமைப்பில் சேர்ந்த 39ஏ பிரிவு, பொருளில்லாத காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்கிறது. 1987-இல் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மாவும், பவர் டேபிள் போட்டு நாலு பெண்களோடு தைக்கும் அக்காவும், பணம் தராத பார்ட்டியின்மேல் வழக்குப் போட மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணையத்தின் கதவைத் தட்டலாம். 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். மகளிர் குழுக்களுக்குக் கடன் தரும்போதே இந்த எண்ணையும் பாஸ்புத்தகத்தில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் இந்த உதவி வழக்கு என்று ஒன்று உருவான பிறகு வரும் உதவியாகவே நம் நடைமுறையில் இருக்கிறது. கடை திறக்கும் நாளில், பத்திரம் எழுதும் மேசையில், பர்சேஸ் ஆர்டரின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டிய வேளையில் அது வருவதில்லை. அங்கே பத்திர எழுத்தரும் கம்ப்யூட்டர் சென்டர் தம்பியும் ஜிஎஸ்டி கணக்கரும்தான் ஏழைத் தொழில்முனைவோரின் வக்கீல்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. யாரும் இல்லாத இடத்தில் அவர்களாவது இருக்கிறார்கள். ஆனால் தங்களுக்குத் தெரியாததை அவர்களால் சொல்ல முடியாது.

மாவட்டங்களில் மாவட்டத் தொழில் மையங்கள் இருக்கின்றன. நீட்ஸ், யூஒய்இஜிபி என்று மானியத் திட்டங்கள் அங்கிருந்து நடக்கின்றன. அரசு 25 சதவீத மானியம் கொடுத்து ஒரு தொழிலைப் பிறக்க வைக்கிறது. பிறகு ஒரு பதிவில்லாத பத்திரத்தாலோ ஒரு காணாத நோட்டீஸாலோ அது சாகும்போது, அந்த மானியமும் சேர்ந்துதான் புதைகிறது. வியாபாரிக்கு வக்கீல் வைக்க வரிப்பணமா என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு இரண்டு சம்பள வக்கீல்கள் தொழில் மையத்தில் உட்கார்ந்தால் ஆகும் செலவு, மூழ்கிப்போகும் சில மானியங்களுக்குள் அடங்கிவிடும். கணக்கு எப்படி வந்தாலும் நம் வாதம் அதன்மேல் நிற்கவில்லை. கட்டாயம் கீழ்ப்படிய வேண்டிய விதிகளைக் குடிமகன்மேல் சுமத்துபவர், அவற்றை அவனுக்குப் புரிய வைக்கவும் கடமைப்பட்டவர். பெரிய நிறுவனம் சட்டப் பிரிவு வைத்து அந்த விளக்கத்தை விலைக்கு வாங்கிக்கொள்கிறது. விலை கொடுக்க முடியாதவனுக்கும் அதே விதி என்றால், விளக்கம் அரசின் கடன்.

வக்கீல்களுக்கும் பங்கு உண்டு. வசதியற்றவருக்கு உதவுவது சமூகத்துக்குத் தாங்கள் ஆற்ற வேண்டிய உயர்ந்த கடமைகளில் ஒன்று என்று பார் கவுன்சில் விதிகளே சொல்கின்றன. சட்டக் கல்லூரிகளில் பத்திரம் வரைவது கட்டாயப் பாடம். மாநிலம் முழுவதும் அரசு சட்டக் கல்லூரி மாணவர்கள் கற்பனை ‘அ’வுக்கும் கற்பனை ‘ஆ’வுக்கும் கூட்டுவணிகப் பத்திரம் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். பக்கத்துத் தெருவில் உண்மையான இருவர் தவறான பத்திரத்தில் கையெழுத்திடுகிறார்கள். ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில் மாணவர்கள் வாரம் ஒரு நாள் தொழிற்பேட்டையில் உட்காரும் ஏற்பாடு பரவலாக இல்லாதது கல்விக்கும் இழுக்கு, தொழிலுக்கும் இழப்பு.

வசதியாக்க மன்றங்களின் எண்ணிக்கை நான்கோடு நிற்கக் கூடாது. ஓசூர்க்காரருக்கும் நாகர்கோவில்காரருக்கும் ஒரு நாள் வேலையும் பேருந்துச் செலவும் இழக்காமல் மனுப் போடவும் ஆஜராகவும் அந்தந்த மாவட்டத்திலேயே வசதி வேண்டும். வரி நோட்டீஸ் தமிழில் வர வேண்டும், வியாபாரியின் கடை முகவரிக்குத் தபாலில் வர வேண்டும். 45 நாள் பாதுகாப்பு சிறு வியாபாரிகளுக்கும் நீள வேண்டும். இவை எதற்கும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை.

பெரிய நிறுவனங்களின் முதலாளிகளே, நீங்கள் இவற்றுக்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை. சிறு நிறுவனங்களுக்கு எவ்வளவு பாக்கி, அதற்கு எவ்வளவு வட்டி என்பதை ஆண்டுக் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது 2006 சட்டத்தின் 22-ஆம் பிரிவு. ஆகவே அந்தப் பட்டியல் உங்கள் கணக்குப் பிரிவில் இருந்தாக வேண்டும். நாளை காலை அதை எடுத்துவரச் சொல்லுங்கள். 45 நாள் கடந்த பெயர்களில் மிகச் சிறிய தொகை எதுவோ அதற்கான முதல் செக்கில், வட்டியோடு, நீங்களே கையெழுத்திடுங்கள். அந்தத் தொகைதான் யாரோ ஒருவரின் நகையை அடகுக் கடையில் பிடித்து வைத்திருக்கிறது.